இடப்பக்கம்

நேர்காணலுக்கு மேலே கோட்டும்
கீழே பாதுகாப்புக் காலணியும் அணிந்திருந்தேன்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடம்.
மைவியின் ஸ்டீயரிங்கில் கைப்பேசி சாய்ந்திருக்க
டப்ளினின் காலை பத்து மணியோடு
பினாங்கின் மாலை ஆறு மணி பேசிக்கொண்டிருந்தது.
உங்கள் பலவீனம் என்ன என்றார்கள்.
சத்தம் கேட்கக் கூடாதென்று ஏசியை அணைத்திருந்தேன்.
வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.
சின்ன வித்தியாசத்தைக்கூட விட முடியாது என்றேன்.
வேலை கிடைத்தது.

அன்றிலிருந்து எல்லாரும் ஐந்தால் பெருக்குகிறார்கள்.
சித்தப்பா, எதிர்வீட்டு மிஸஸ் லோ,
நாசி கண்டார் கடையில் மீன்தலை எடுத்துவைக்கும் அண்ணன்கூட.
சம்பளத்தைக் கேட்டதும் உதடு அசைகிறது,
பிறகு தலை.
வாடகையை யாரும் கேட்பதில்லை.
அதையும் அதே ஐந்தால்தான் பெருக்க வேண்டும்:
அறைக்குள்ளேயே அடுப்பு, ஜன்னல் ஒன்று,
அலுவலகத்துக்குப் பேருந்தில் நாற்பது நிமிடம்.

கல்விக் கடனை முழுதாக அடைத்தேன்.
முதல் வகுப்பில் தேறியிருந்தால் தள்ளுபடி.
எனக்குப் புள்ளி பூஜ்யம் நான்கு குறைந்தது;
அதன் விலை முப்பத்திரண்டாயிரம் வெள்ளி, எட்டு வருடம்.
இனிப் பறக்கலாம், காக், என்று
கவுண்டர் பெண் ரசீதைத் தள்ளினாள்.
இரண்டு பிரதி எடுத்து வைத்தேன். பழக்கம்.

கணக்கை நான் மலாய் மொழியில் படித்தேன்,
ஆங்கிலத்தில் பரீட்சை எழுதினேன், பதின்மூன்று தாள்.
தமிழிலும் கணக்கு உண்டென்று தெரிந்தது
பட்டர்வொர்த் கோயில் கமிட்டியின் ஏட்டைத்
தணிக்கை செய்யப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை.
பொருளாளர் சிவப்பு மையில் கோடு கிழித்து
இடப்பக்கம் பற்று என்றும்
வலப்பக்கம் வரவு என்றும் எழுதியிருந்தார்.
ஒரு நிமிடம் எனக்கு ஓடவில்லை.
பற்றை அறுக்க வேண்டுமென்றல்லவா
தேவார வகுப்பில் சொன்னார்கள்;
இங்கே அதைக் கூட்டிப் போட்டு
இரண்டு கோடு இட்டிருக்கிறது.
ஊதுபத்தி நூற்றிருபது வெள்ளி. மின்சாரம். வாழைத்தார்.

கடைசி வேலை, பத்து மாவுங் குளிர்கிடங்கு.
இறால் பெட்டிகளை எண்ண வேண்டும்.
மைனஸ் இருபதில் பேனா நின்றுபோய்
பென்சிலுக்கு மாறினேன்.
டப்ளினுக்கு ஒத்திகை என்று சிரித்தார் ரஸாலி,
கிடங்குப் பொறுப்பாளர்.
அவருடைய மூச்சு அவருக்கு முன்னால் போனது.
ஏட்டில் ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று.
எண்ணியதில் பன்னிரண்டு.

குறைந்தால் காரணம் இருக்கும்:
திருட்டு, உடைசல், எலி, யாருடைய மறதியோ.
கூடினால் என்ன எழுதுவது?
மூன்று முறை எண்ணினோம்.
யாரோ எதையோ பதியாமல்
உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
விட்டுவிடுங்கள் மிஸ் யோகா, கூடத்தானே இருக்கிறது.
விடவில்லை.
விளக்கம் தேவை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
விளக்கம் வரும்போது நான் இருக்க மாட்டேன்.

விமான நிலையத்துக்குத் தம்பி குபேந்திரன் ஓட்டினான்.
கார் இனி அவனுடையது,
மிச்சமிருக்கும் முப்பத்தொரு தவணையும்.
ஏறியதும் இருக்கையைப் பின்னால் தள்ளினான்,
அவனுக்குக் கால் நீளம்.
ஆறு வருடமாய் என் முழங்காலுக்கென்று நின்ற இடம்
‘டக்’கென்று போய்விட்டது.
கண்ணாடியைத் திருப்பினான். வானொலியை மாற்றினான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் காரில் அன்றுதான் முதன்முறையாக
இடப்பக்கம் உட்கார்ந்தேன்.
ஜெலுத்தோங் நெடுஞ்சாலை முழுக்கக்
கடல் இந்தப் பக்கம்தான் இருக்கிறது.
இத்தனை நாளும் இதே சாலையில்
லாரியைப் பார்த்தேன், விளக்கைப் பார்த்தேன்,
நேரத்தைப் பார்த்தேன்.

என்னக்கா, பேச்சையே காணோம்?
எண்ணிக்கிட்டிருக்கேன்டா.
படகுகளை. பதினேழு.
இல்லை,
பதினெட்டு.